உயரத்தைப் பார்த்து வயதைக் கணக்கிடாதீர்கள்: குள்ளத்தன்மை பற்றிச் சிறு பிள்ளைகளிடம் பேச, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை செம்பூரில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள். உயரம் 98 சென்டிமீட்டர். பால்வாடிக்குப் போகும் நான்கு வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருப்பார்கள். அவளுக்கு இருப்பது அகாண்ட்ரோபிளேசியா என்ற எலும்பு வளர்ச்சி நிலை. அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, வகுப்பு டீச்சர் கேட்டுக்கொண்டதால் மற்றப் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசினேன். அப்புறம் வேறு ஆசிரியர்களும் கூப்பிட்டார்கள். செம்பூர், சயான், தாராவி என்று தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சேர்த்து, மூன்று வருடமாகப் போய்வருகிறேன். பிள்ளைகளும், பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்களும், ஆசிரியர்களும், தாத்தா பாட்டிகளும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை பற்றி முடிவெடுக்க உங்கள் குழந்தை மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

குள்ளத்தன்மை என்றால் என்ன? உயரம் குறைந்த எல்லோருக்கும் அது இருக்கிறதா?

இல்லை. மருத்துவக் காரணத்தாலோ மரபணுக் காரணத்தாலோ ஒருவர் வளர்ந்து பெரியவரான பிறகும் 147 சென்டிமீட்டர் (4 அடி 10 அங்குலம்) அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அதை நம் நாட்டுச் சட்டம் குள்ளத்தன்மை என்கிறது. இதில் ‘காரணத்தால்’ என்பது முக்கியம். தாராவியில் ஒரு வகுப்புச் சுவரில் 147-க்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். உடனே ஒரு பையன் எழுந்து, "எங்க ஆச்சி இந்தக் கோட்டுக்குக் கீழதான் இருப்பாங்க" என்றான். அவனுடைய ஆச்சிக்கு எந்த எலும்பு நிலையும் இல்லை. அவர்கள் குடும்பமே உயரம் குறைந்த குடும்பம், அவ்வளவுதான்.

குள்ளத்தன்மையில் கொண்டுபோய் விடும் நிலைகள் 200-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது அகாண்ட்ரோபிளேசியா; சுமார் 25,000 பிறப்புகளில் ஒன்று. அதில் கைகால்கள் குட்டையாகவும், தலை கொஞ்சம் பெரிதாகவும், உடல் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவும் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என் மகள் பக்கத்துப் பெண்ணை விடப் பெரிய வித்தியாசமாகத் தெரியமாட்டாள். எழுந்து நின்றால்தான் தெரியும். வளர்ச்சி ஹார்மோன் குறைவதால் உயரம் குறைவது வேறு வகை. அதில் தலை, உடல், கைகால் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறிதாக இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டால் எப்படிச் சொல்வது?

நான் மும்பையில் ஓடும் பெஸ்ட் டவுன் பஸ்ஸைச் சொல்லித்தான் விளக்குவேன். பஸ்ஸுக்கு பிரேக் இருக்கிற மாதிரி, எலும்பு வளர்வதற்கும் நம் உடம்பில் ஒரு பிரேக் உண்டு. எல்லோருக்கும் உண்டு. அது வேலை செய்யாவிட்டால் அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்துவிடுவோம். சிலர் பிறக்கும்போதே அந்த பிரேக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்திருக்கும். அவர்களுடைய கைகால் எலும்புகள் மெதுவாக வளரும். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்.

பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம். நீளமான எலும்புகளின் முனையில் குருத்தெலும்பு வளர்ந்து, பிறகு கெட்டி எலும்பாக மாறுவதால்தான் நாம் உயரமாகிறோம். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணு அந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கிறது. அகாண்ட்ரோபிளேசியாவில் இந்த மரபணுவில் மிகச் சிறிய ஒரு மாற்றம் நேர்ந்து, கட்டுப்பாடு அதிகமாகிவிடுகிறது. இதை 1994-இல் கண்டுபிடித்தார்கள். இந்த நிலையோடு பிறக்கும் ஐந்து குழந்தைகளில் நான்கு பேரின் அப்பா அம்மா சராசரி உயரமுள்ளவர்கள்தான். மாற்றம் அந்தக் குழந்தையில்தான் புதிதாக ஏற்பட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நிலை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார். அப்படியா?

இல்லை. நான் கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று ஒரு வருடம் என்னைக் குடைந்தார்கள். நானும் ராத்திரி தூங்காமல் யோசித்துக்கொண்டே இருந்தேன். மரபணு மாற்றத்தில் தாய் செய்த குற்றம் எதுவும் இல்லை என்று மரபணு மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கிய அன்றுதான் அந்தப் பாரம் இறங்கியது. இதைப் படிக்கும் தாய் யாராவது அதே நிலையில் இருந்தால், உங்களிடமும் அதையே சொல்கிறேன்: நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

தொற்றுமா என்றும் கேட்கிறார்கள். தொற்றாது. ஒரே டப்பாவில் சாப்பிடலாம், கை கோத்து நடக்கலாம்.

லோக்கல் ரயிலில் உயரம் குறைந்த ஒருவரைப் பார்த்து என் மகன் சத்தமாக, "அம்மா, அந்த மாமா ஏன் இவ்ளோ குட்டையா இருக்கார்?" என்று கேட்டுவிட்டான். அவன் வாயைப் பொத்தினேன். சரிதானே?

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் வாயைப் பொத்தும்போது பிள்ளைக்கு ஒன்றுதான் பதிகிறது: அந்த மாமாவிடம் ஏதோ பயங்கரமான, பேசக்கூடாத விஷயம் இருக்கிறது. அடுத்த முறை அவன் கேட்கமாட்டான், வெறித்துப் பார்ப்பான். இல்லை என்றால் நண்பனின் முழங்கையை இடித்துக் காட்டிச் சிரிப்பான். கேள்வி கேட்ட பிள்ளையால் என் மகளுக்கு வேதனை வந்ததில்லை. அந்தப் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும் பெரியவர்களால் வந்திருக்கிறது.

சாதாரணக் குரலில், அவருக்கும் காதில் விழுந்தால் பரவாயில்லை என்கிற மாதிரி சொல்லுங்கள்: "ஆமாம், சிலர் உயரமா இருப்பாங்க, சிலர் உயரம் கம்மியா இருப்பாங்க. மாமா பெரியவர்தான். நம்மள மாதிரி அவரும் வேலைக்குப் போறார்." அவர் உங்கள் பக்கம் திரும்பினால் ஒரு புன்னகை, ஒரு வணக்கம். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு நீட்டி முழக்கவேண்டாம். பாவம், அவரும் ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். மிச்சக் கேள்விகளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். போனை எடுத்துப் படம் பிடிப்பவர்களும் உண்டு. அதை மட்டும் யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

பிள்ளைகள் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடவேண்டும்?

பெயர் சொல்லி. பெயர் தெரியாவிட்டால் வயதுக்கேற்ற முறை சொல்லி. எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வசைச்சொல் மூன்று மொழிகளில் கிடைக்கிறது. தமிழில் குள்ளச்சி, கட்டை, இந்தியில் பௌனா, மராத்தியில் புட்கா. போதாக்குறைக்கு இந்தியில் சின்னப் பையனைக் கூப்பிடும் ‘சோட்டு’ வேறு. இவற்றைச் சொல்லக்கூடாது என்று பட்டியல் போட்டால், பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்குள் பட்டியலில் இல்லாத நாலு சொல் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நான் சொல்லிலிருந்து ஆரம்பிப்பதில்லை, முறையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தமிழில் ஒருவரைப் பார்த்ததும் வயதைக் கணக்கிட்டுத்தான் வாய் திறக்கிறோம். வா என்பதா வாங்க என்பதா, தம்பி என்பதா அண்ணே என்பதா, ஒரு நொடியில் முடிவு செய்துவிடுகிறோம். அந்த ஒரு நொடியில் உயரத்தை வயதாக எடுத்துக்கொள்வதுதான் தவறு நடக்கிற இடம். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒருநாள் பூக்கடை முன் நின்றிருந்தேன். உயரம் குறைந்த ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், காதோரம் நரைத்திருந்தது. கடைக்காரர் அவரிடம், "என்னப்பா, என்ன வேணும் உனக்கு?" என்றார். பின்னாலேயே வந்த கல்லூரிப் பையனிடம், "வாங்க சார்." இத்தனைக்கும் கடைக்காரர் கெட்டவர் இல்லை, எங்களுக்குப் பூ கொடுக்கும்போது ஒரு முழம் கூடவே அளப்பார். அவர் கண் உயரத்தை அளந்தது, வாய் அதை வயது என்று சொல்லிவிட்டது.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. எல்லாத் தமிழ் வீடுகளையும் போல மகளைப் ‘பாப்பா’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏழு வயதில் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, என்னைப் பாப்பான்னு கூப்பிடாத. எல்லாரும் நிஜமாவே என்னைப் பாப்பான்னு நினைக்கிறாங்க." அன்றோடு நிறுத்தினோம்.

ஆகவே, வகுப்பில் நான் கேட்கும் முதல் உறுதிமொழி இது: நான்காம் வகுப்பு அக்கா உன்னை விடக் குட்டையாக இருந்தாலும் உனக்கு அக்காதான். கட்டிடத்து வாட்ச்மேன் மாமா உன் தோள் உயரம் இருந்தாலும் ‘வாங்க, போங்க’தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட இது உடனே பிடிபடுகிறது. அக்கா, அண்ணா என்ற முறை அவர்கள் உலகத்தில் பெரிய விஷயம்.

பொதுவாகப் பேசும்போது ‘உயரம் குறைந்தவர்’ போதும். ‘குள்ளத்தன்மை’ என்பதை மருத்துவமும் சட்டமும் பேசும்போது பயன்படுத்துகிறேன், இங்கே செய்வது போல. ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டக் ‘குள்ளன்’ என்று சொல்வது வேறு. தமிழில் அந்தச் சொல்லில் கேலி அவ்வளவு தூரம் ஊறிப்போயிருக்கிறது.

சின்னதாக, அழகாக இருக்கிறாளே என்று பிள்ளைகள் ஆசையாகத் தூக்குகிறார்கள். அன்புதானே?

அன்புதான், ஆனால் கேட்காமல் தூக்கக்கூடாது. ஐந்தாம் வகுப்புப் பெண்கள் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவைச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பெண்ணை வேறு யாரையாவது அப்படித் தூக்குவார்களா? தலையைத் தடவுவதும், கன்னத்தைக் கிள்ளுவதும், கையை எடுத்து விரல்களைப் பார்ப்பதும் அதே வகைதான். உடம்புக்கும் ஆபத்து உண்டு. இந்தப் பிள்ளைகளுக்குக் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் நரம்பு போகும் துளை குறுகலாக இருக்கலாம். தூக்கிக் கீழே போட்டாலோ, கழுத்தை வெடுக்கென்று இழுத்தாலோ பெரிய பாதிப்பு வரலாம்.

உதவி செய்வதற்கும் இதே விதிதான். "எடுத்துத் தரட்டுமா?" என்று ஒரு கேள்வி. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். என் மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிப் புத்தகம் எடுக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை அவளுக்கு விடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று பேரப்பிள்ளைகள் முன்னாலேயே சொல்கிறார்கள். என்ன செய்வது?

சண்டை போடாமல், சும்மா விட்டும் விடாமல் பேசவேண்டும். நான் என் மாமனாரிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்: "மாமா, உங்க பேத்தி பெரியவளாகி ஒரு கடையில வேலைக்குப் போனா, இந்தப் பழமொழியைச் சொல்லித்தானே அவளைக் கல்லாவில உட்கார வைக்கமாட்டாங்க?" அதற்குப் பிறகு அவர் வாயில் அது வந்ததே இல்லை. இப்படி ஒரு பேத்தி இல்லாத வீட்டில் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள்: "தாத்தா சொன்னது பழைய பேச்சு. ஒருத்தர் நல்லவரா இல்லையான்னு உயரத்தை வச்சுச் சொல்லமுடியாது." தாத்தாவை மதித்துக்கொண்டே தாத்தா சொன்னதைத் தவறு என்று சொல்லலாம், பிள்ளைகளுக்கு அது புரியும்.

வகுப்பில் என்ன செய்யலாம்? பிள்ளைகளை முழங்காலில் நடக்கச் சொல்லி அந்தக் கஷ்டத்தை உணர வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரு பள்ளியில் நல்ல எண்ணத்தோடு அதைச் செய்தார்கள். இரண்டு நிமிடத்தில் வகுப்பே சிரிப்பில் உருண்டது. அடுத்த இடைவேளையில் அது விளையாட்டாகிவிட்டது. உயரம் குறைந்தவர்களை முழங்காலில் நடந்துதான் சினிமாவில் கேலி செய்தார்கள், அதையே பாடமாக்கிவிடக் கூடாது.

நான் கொண்டுபோவது ஒரு தையல் டேப். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துப் பள்ளியை அளக்கச் சொல்வேன். தண்ணீர்க் குழாய் எத்தனை சென்டிமீட்டர்? கழிவறைத் தாழ்ப்பாள்? மின்விசிறி சுவிட்ச்? நூலக அலமாரியின் மேல் தட்டு? கரும்பலகையின் கீழ் விளிம்பு? பிறகு ஒவ்வொருவரும் கையைத் தூக்கித் தன் எட்டும் உயரத்தை அளந்து பக்கத்தில் எழுதவேண்டும். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கும் இது சரியாகப் பொருந்துகிறது. ஒரு பள்ளியில் கழிவறைத் தாழ்ப்பாள் 140 சென்டிமீட்டரில் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு எட்டவில்லை, தோழி ஒருத்தியை வெளியே காவல் நிறுத்திவிட்டுத்தான் இத்தனை நாள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. பிள்ளைகளே தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினார்கள். பத்து நாளில் கீழே இன்னொரு தாழ்ப்பாள் வந்தது. நான் போன பள்ளிகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்த நாள் அது. குறை உயரத்தில் இல்லை, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இருந்தது என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 25 உலகக் குள்ளத்தன்மை விழிப்புணர்வு நாள். அமெரிக்காவில் 1957-இல் உயரம் குறைந்தவர்களுக்கு அமைப்பு தொடங்கிய நடிகர் பில்லி பார்ட்டியின் பிறந்த நாள் அது. ஆனால் மும்பையில் அந்தத் தேதி பல வருடம் தீபாவளி விடுமுறையில் விழுந்துவிடும். அதற்காகக் காத்திருக்காமல் ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே பேசிவிடுவது நல்லது. வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதலில் அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள்: பேசலாமா, என்னென்ன சொல்லலாம், அந்த நேரம் வகுப்பில் இருக்க விருப்பமா இல்லையா என்று.

பிள்ளைகள் வேறு என்ன கேட்பார்கள்?

பாடம் புரியுமா? புரியும், உயரத்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்வாளா? விருப்பம் இருந்தால். கார் ஓட்ட முடியுமா? பெடலை நீட்டி அமைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். வலிக்குமா? சில நாள் முதுகும் காலும் வலிக்கும். துணி எங்கே வாங்குவாள்? வாங்கி, கை காலை வெட்டித் தைப்போம். அழுவாளா? யாராவது கேலி செய்தால் அழுவாள், நீயும் அழுவாயே.

ஆசிரியர்கள் உடல்நலத்தில் எதைக் கவனிக்கவேண்டும்?

முதலில் கால் தொங்கக்கூடாது. பெஞ்சில் ஐந்து மணி நேரம் கால் தொங்கிக்கொண்டிருந்தால் மரத்துப்போகும், முதுகு வலிக்கும். காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை போதும். எங்களுக்குப் பலகை செய்து தந்தவர் தெருமுனைத் தச்சர்தான். அகாண்ட்ரோபிளேசியா உள்ள பிள்ளைகளுக்குக் காதில் அடிக்கடி சீழ் வைக்கும், அதனால் கேட்கும் திறன் குறையலாம். கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் திமிர் என்று நினைக்காமல் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். விரல்கள் குட்டையாக இருப்பதால் நிறைய எழுதினால் கை சோர்ந்துவிடும். மற்றவர்கள் ஓர் அடி வைக்கும் இடத்தில் இவர்கள் இரண்டடி வைக்கிறார்கள் என்பதால், வரிசையில் போகும்போது வேகத்தை அவர்களுக்கேற்ப வையுங்கள். வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தால் கீழே மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

விளையாட்டில் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, டிராம்போலின், முட்டி மோதும் ஆட்டங்கள் கூடாது, கழுத்து காரணம். நீச்சல் நல்லது, சைக்கிள் நல்லது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் ஓரமாக உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்லாதீர்கள். என் மகளுக்கு ஒரு வருடம் முழுக்க அதுதான் நடந்தது.

ஆண்டு விழாவில் அவளுக்கு வாமனர் வேஷம் கொடுத்தோம். கடவுள் வேஷம், பெருமைதானே?

ஒரு தடவை பெருமை. எங்கள் மகளுக்கு நவராத்திரிக்கு வாமனர், ஆண்டு விழாவுக்கு வாமனர், அடுத்த வருடம் ஒரு கதையில் காட்டுக் குள்ளர். "மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்று பாராட்டும் அதே வார்த்தைகளில் வரும். அவளுக்கு வேலு நாச்சியாராக வரவேண்டும் என்று ஆசை. போன வருடம் வாளோடு வந்தாள், வசனத்தை மறக்காமல் கணீரென்று சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் சீட்டெடுத்து வேஷம் பிரித்துக்கொள்ளட்டும். வாமனர் வேஷம் ஒருநாள் வகுப்பிலேயே உயரமான பையனுக்கும் விழட்டுமே.

என் மகன்தான் ஒரு பெண்ணைக் கேலி செய்தான் என்று பள்ளியிலிருந்து சொன்னார்கள். வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

அவனை அடிக்காதீர்கள். எல்லோர் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கவும் வேண்டாம். அப்போது அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் மேடையில் நிறுத்துகிறீர்கள். எங்கள் மகளை வாரக்கணக்கில் ‘புட்கி’ என்று கூப்பிட்ட ஒரு பையன் இருந்தான். அவன் அம்மா என்னிடம் வந்து அழுதார். இரண்டு பேரும் பேசிப் பார்த்ததில் தெரிந்தது, அவனை வேறு ஒரு கூட்டம் ‘மோட்டா’ (குண்டன்) என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் செய்ததற்கு அது நியாயம் ஆகாது. ஆனால் எங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம் என்று அது காட்டியது. "உன்னை அப்படிக் கூப்பிடும்போது உனக்கு எங்கே வலிச்சுது?" என்று அவன் அம்மா கேட்டிருக்கிறார். அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினானாம். அடுத்த நாள் தானாகவே போய் என் மகளிடம் பேசினான். பழைய சொல் மறுபடி வராமல் இருக்க ஒரு மாதம் டீச்சரும் கவனித்துக்கொண்டார். உடனே நண்பர்கள் ஆகிவிடவில்லை. அப்படி ஆகவேண்டும் என்றும் இல்லை.

சாதித்தவர்களைப் பற்றிச் சொன்னால் மரியாதை தானாக வராதா?

சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஹரியானாவின் நவ்தீப் சிங், உயரம் குறைந்தவர்களுக்கான எஃப்41 பிரிவு ஈட்டி எறிதலில் 47.32 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். பிள்ளைகளோடு மைதானத்தில் 47 மீட்டர் நடந்து பார்த்தால் வாயைப் பிளக்கிறார்கள். அவர் பிரதமருக்குத் தொப்பி போட விரும்பியபோது, பிரதமர் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்: உயரமானவரும் கொஞ்சம் இறங்கி வரலாம். அதே பாரிஸில் ஓசூர்ப் பெண் நித்யஸ்ரீ சிவன் எஸ்.எச்.6 பாட்மிண்டனில் வெண்கலம் வாங்கினார்; அதுவும் உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவுதான். குஜராத்தின் கணேஷ் பாரையா சுமார் மூன்றடி உயரம். மருத்துவப் படிப்பில் இடம் மறுத்தபோது உச்ச நீதிமன்றம் வரை போய் வென்று இன்று டாக்டர்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பிள்ளைகள் தப்பான கணக்குப் போடுவார்கள். மெடல் வாங்கினால்தான் மரியாதை என்று. என் மகள் சுமாராகப் படிக்கிறாள், ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிறாள், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறாள். அவளை ‘பாரு, எவ்வளவு தன்னம்பிக்கை’ என்று கண்ணீரோடு பாராட்டவேண்டாம். பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையும் திட்டும் அவளுக்கும் கிடைக்கட்டும்.

சத்துமாவு, ஊசி, ஆபரேஷன் என்று ஏதேதோ சொல்கிறார்களே?

பவுடரும் கம்பியில் தொங்குவதும் அகாண்ட்ரோபிளேசியாவை மாற்றாது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கு ஊசி உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்ல பலன் தரும். எனவே பிள்ளையின் வளர்ச்சி நின்றது போலத் தெரிந்தால் மருத்துவரிடம் போய் வளர்ச்சி அட்டவணையில் குறித்துப் பாருங்கள். அகாண்ட்ரோபிளேசியாவுக்கு வோசோரிடைட் என்ற தினசரி ஊசியை 2021-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதித்தன. ஆய்வில் வருடத்துக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல் வளர்ச்சி கிடைத்தது. காலை நீட்டும் அறுவை சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், வலி அதிகம். எதைச் செய்வது, எதை விடுவது என்பது அந்தக் குடும்பமும் அந்தப் பிள்ளையும் மருத்துவரோடு எடுக்கும் முடிவு. பள்ளி வாசலில் வைத்து "ஏன் ஆபரேஷன் பண்ணல?" என்று கேட்காதீர்கள்.

சட்டம் ஏதாவது இருக்கிறதா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தன, குள்ளத்தன்மை அதில் இல்லை. புதிய சட்டத்தின் 21 வகைகளில் அது இருக்கிறது. அரசுப் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ளவேண்டும், தேவையான வசதி செய்துதரவேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. பலகையும் தாழ்ப்பாளும் கேட்பது தயவு கேட்பது இல்லை. பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்புக்கு உங்கள் மகளையும் அழைத்து வருவீர்களா? நேரில் பார்த்தால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும்.

மாட்டேன். ஏழு வயதில் ஒருமுறை அழைத்துப்போனேன். பிள்ளைகள் வரிசையில் நின்று அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீ மட்டும் போ" என்றாள். அன்றிலிருந்து டேப்போடு நான் மட்டும்தான் வருகிறேன். உங்கள் பள்ளியில் செஸ் போட்டி வைத்தால் சொல்லுங்கள், அதற்கு அவள் வருவாள். காலுக்கு ஒரு பலகை மட்டும் எடுத்து வையுங்கள்.